பஞ்சு ஒட்டாத கன்னம்

மருந்துக்கடையில் நீலத் தாளில் சுருட்டி விற்பார்களே, அந்தப் பஞ்சுதான். எங்கள் கபடி அணியின் மேலாளர் தினமும் காலையில் அதில் ஒரு துண்டைக் கிள்ளி எடுத்து, வரிசையில் நிற்கும் ஒவ்வொருவன் கன்னத்திலும் கீழிருந்து மேலாக ஒரு இழுப்பு இழுப்பார். முந்தின நாள் மழித்த முகமாக இருந்தால் போதும், பஞ்சு நார் நாராக ஒட்டிக்கொள்ளும். ஒட்டாவிட்டால் "குட்" என்று ஒரு சொல். ஒட்டிவிட்டால் அவன் மட்டுமல்ல, மொத்த அணியும் தொலைந்தது. அம்பத்தூர் தொழிற்பேட்டையின் சாலையில், சரக்கு ஏற்றிக்கொண்டு நிற்கும் லாரிகளுக்கு நடுவே, அவர் போதும் என்று சொல்லும்வரை எல்லோரும் ஓட வேண்டும். ஒருத்தன் தாடிக்கு ஊரே ஓடுவதா என்று கேட்டால் இன்னும் இரண்டு சுற்று.

அவரை நாங்கள் 'சார்' என்றுதான் கூப்பிடுவோம். பட்டாளத்திலிருந்து ஓய்வு பெற்று வந்தவர். அணிக்குச் சொந்தக்காரர் பூந்தமல்லிப் பக்கம் கல்யாண மண்டபமும் லாரிகளும் வைத்திருந்த ஒரு பணக்காரர். மூடிப்போன தொழிற்சாலை ஒன்றின் கொட்டகையை வாடகைக்குப் பிடித்து, உள்ளே ரப்பர் மேட் விரித்து, தமிழ்நாட்டின் நாலா மூலையிலிருந்தும் ஆட்களை வருஷ ஒப்பந்தத்தில் கொண்டுவந்து சேர்த்திருந்தார். எங்களைக் கட்டி மேய்க்கிற பொறுப்பு முழுக்க சாரிடம். மேய்க்கிற என்ற சொல்லைத் தெரிந்துதான் எழுதுகிறேன்.

நான் உள்ளூர்க்காரன், ஆவடியில் பிறந்தவன். அணியில் இடது ஓரம் என்னுடையது. எதிரணியிலிருந்து பாடிக்கொண்டு வருகிறவனை ரெய்டர் என்போம். அவன் என்னைத் தொட்டுவிட்டுத் திரும்பும் நொடியில் பாய்ந்து அவன் கணுக்காலைப் பிடிக்க வேண்டும். அதுதான் என் பிழைப்பு. அதனால் எனக்குக் காயம் படுவதெல்லாம் விரலில், முட்டியில், தோளில். கணுக்காலில் காயம் ரெய்டர்களுக்குத்தான் படும். வீட்டுக்குப் போனால் என் மனைவி தைலத்தை எடுத்துக்கொண்டு உட்காருவாள். எந்த மேட்சில் எந்த விரல் பிசகியது என்று என்னைவிட அவளுக்கு நன்றாகத் தெரியும்.

கட்டுப்பாடு பிடிக்காமல் புலம்புகிற ஆள் நான் இல்லை. முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன். நகத்தை ஒட்ட வெட்டு என்றார்கள், வெட்டினேன். நகம் இருந்தால் எதிராளியின் தோலைக் கிழித்துவிடும், நடுவரும் உள்ளே விடமாட்டார். உடம்பில் எண்ணெய் கூடாது, பிடி வழுக்கும். மோதிரம் கூடாது, கயிறு கூடாது, விரல் முறியும். இதிலெல்லாம் நியாயம் இருக்கிறது. தாடி மீசைக்கு என்ன நியாயம்? கேட்டால் சார் ஒன்றையே சொல்வார்: "எதிராளி பிடிக்கிறதுக்கு உன் உடம்புல ஒண்ணும் இருக்கக்கூடாது." எந்தக் கபடியில் ஐயா தாடியைப் பிடித்து இழுக்கிறார்கள்? இழுத்தால் இழுத்தவனைத்தானே வெளியே அனுப்புவார்கள்? மதுரைப் பக்கத்திலிருந்து வந்த ரெய்டர் ஒருவன் மீசையை எடுத்துவிட்டு ஊருக்குப் போனபோது, அப்பன் உயிரோடு இருக்கும்போதே இப்படி வந்து நிற்கிறாயே என்று அவன் அம்மா தலையில் அடித்துக்கொண்டு அழுதாளாம். அதைச் சொல்லிவிட்டு அவனே சிரித்தான். நாங்களும் சிரித்தோம். அடுத்தது யார் வீட்டுக்கு என்று அப்போது தெரியவில்லை.

என் மனைவிக்கு ஊர் தென்காசிப் பக்கம். அதே தொழிற்பேட்டையில், கண்ணாடி போட்ட உயரமான கட்டடம் ஒன்றில் கம்ப்யூட்டர் வேலை. மற்றவர்கள் எழுதிய மென்பொருளில் எங்கே தப்பு இருக்கிறது என்று தேடிக் கண்டுபிடிக்கிற வேலை. சென்னீர்குப்பத்தில், நெடுஞ்சாலையை ஒட்டி ஒரு வாடகை ஃபிளாட்டில் இருந்தோம். கல்யாணமான பிறகு இரண்டு முறை கரு தங்கி, இரண்டு முறையும் கலைந்துவிட்டது. இரண்டாவது முறை ஆஸ்பத்திரியிலிருந்து ஆட்டோவில் திரும்பும்போது அவள் மருந்துச் சீட்டைத் துண்டு துண்டாகக் கிழித்துக்கொண்டே வந்தாள்.

மூன்றாவது முறை உறுதியான அன்றைக்கு, நான் சட்டையைக்கூட மாற்றவில்லை, சமையலறை வாசலில் நின்றுகொண்டு சொன்னாள்.

"ஏங்க, இனிமே நீங்க முடி வெட்டக்கூடாது, சவரம் பண்ணக்கூடாது. குழந்தை பிறக்கிற வரைக்கும்."

மனைவி மாசமாக இருந்தால் புருஷன் முகத்தில் கத்தி படக்கூடாது என்பது எங்கள் வீடுகளிலும் உண்டு. ஐந்தாம் மாதம், ஆறாம் மாதம் என்று ஆளுக்கொரு கணக்குச் சொல்வார்கள். முதல் நாளிலிருந்தே என்று சொன்னவள் இவள் ஒருத்திதான்.

"இன்னா இது? கம்ப்யூட்டர்ல வேல செய்யறவ பேசற பேச்சா?" என்றேன்.

"எனக்கும் இதுல பெரிய நம்பிக்கை எல்லாம் கிடையாது. ரெண்டு தடவையும் டாக்டர் சொன்னதை அப்படியே செஞ்சோம்லா? என்ன ஆச்சு? இந்தத் தடவ எதையாவது விட்டுட்டோமோன்னு அப்புறம் உக்காந்து யோசிச்சிட்டுக் கெடக்க என்னால முடியாது. அவ்வளவுதான்."

அவள் கண்ணில் தண்ணீர் இல்லை. இருந்திருந்தால் சமாதானம் சொல்லி மழுப்பியிருப்பேன். சரி என்று சொல்லிவிட்டேன். சத்தியமா என்றாள். சத்தியமாக என்றேன்.

மறுநாள் காலையில் எல்லோரும் வருவதற்கு முன்பே போய் சாருக்காகக் காத்திருந்தேன். விஷயத்தை அடக்கமாகச் சொன்னேன். அந்த வருஷம் எனக்கு எவ்வளவு முக்கியம் என்பது அவருக்கும் தெரியும். முப்பதைத் தாண்டிய கபடிக்காரனைக் கிழவன் என்பார்கள். அரையிறுதியைத் தாண்டினால் எனக்கு இரண்டு வருஷத்துக்குச் சேர்த்து ஒப்பந்தம் தருவதாக முதலாளி வாய்ப்பேச்சாகச் சொல்லியிருந்தார். அது கிடைக்காவிட்டால் என் ஆட்டம் அத்தோடு முடிந்தது.

"கங்கிராட்ஸ்" என்றார் சார். "அதுக்கும் உன் தாடிக்கும் என்னய்யா சம்பந்தம்?"

"ஒய்ஃபுக்குச் சத்தியம் பண்ணிட்டேன் சார்."

"உன் வீட்டு விஷயம் உன் பிரச்சினை. உன் மூஞ்சி என் பிரச்சினை. உனக்கு விட்டா நாளைக்கு ஒருத்தன் மாலை போட்டுக்கிட்டு வருவான், இன்னொருத்தன் வேண்டுதல்னு ஜடை பின்னிக்கிட்டு வருவான். இது டீமா, சத்திரமா?"

"அப்ப என்னை எடுத்துடுவீங்களா சார்?"

"நான் ஏன் எடுக்கணும்? நீயே எடுத்துட்டு வருவே" என்று சொல்லிவிட்டு, தன் கன்னத்தைத் தடவிக்கொண்டே உள்ளே போய்விட்டார். பளபளவென்று இருந்தது அந்தக் கன்னம்.

அன்றிலிருந்து தினமும் என் கன்னத்தில் பஞ்சு ஒட்டியது. தினமும் எல்லோரும் ஓடினார்கள். என்னை மட்டும் ஓடச் சொல்லியிருந்தால் நாக்குத் தள்ளும்வரை ஓடியிருப்பேன். அந்த மனுஷனுக்கு அது தெரியும், அதனால்தான் சொல்லவில்லை.

எங்கள் கேப்டன் என் கூட்டாளி. ஆவடிக்காரன்தான், ஒரே பள்ளிக்கூடம். ஆட்டத்தில் எனக்குப் பக்கத்து இடம் அவனுடையது. ரெய்டர் வரும்போது நாங்கள் இருவரும் கைகோத்துக்கொண்டு நிற்போம், அதைச் செயின் என்பார்கள். அவன் விரல் அழுத்துகிற அழுத்தத்திலேயே எப்போது பாய வேண்டும் என்று எனக்குத் தெரிந்துவிடும். ஆரம்பத்தில் அவன்தான் எல்லோரையும் சமாதானப்படுத்தினான்.

"வுடுங்கடா, ஒரு கொயந்தைக்காவ ஓட்றோம். புண்ணியம்தான்" என்பான்.

கிண்டலும் நடந்தது. "இன்னா தாடிக்காரே, புள்ள பொறக்கறதுக்குள்ள நாங்க எலும்புக்கூடாயிடுவோம் போலக்கீதே" என்பான் ஒருத்தன். என் மனைவியின் கம்பெனிப் பஸ் சில நாள் எங்களைக் கடந்து போகும். ஜன்னலோரம் உட்கார்ந்திருப்பாள். லாரிகளுக்கு நடுவில் மழுமழுவென்று ஒரு கூட்டம், கடைசியில் கறுகறுவென்று தாடியோடு நான். முதல் தடவை பார்த்தபோது வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அவள் அப்படிச் சிரித்துப் பார்த்து எவ்வளவோ காலமாகியிருந்தது. அன்றைக்கு எனக்கு ஓட்டமே தெரியவில்லை.

வாரங்கள் போகப் போகச் சிரிப்பு வற்றியது. வெயில் ஏறியது. மதுரைக்கார ரெய்டருக்கு முட்டி வீங்கியது. அவன் நொண்டிக்கொண்டே ஓடும்போது சார் வாசலில் நின்று என்னைத்தான் பார்த்துக்கொண்டிருப்பார், அவனை அல்ல. சாப்பிடும்போது என் பக்கத்தில் உட்காருவதை ஒவ்வொருத்தனாக நிறுத்தினார்கள். என் துண்டு கீழே கிடந்தால் மிதித்துக்கொண்டு போனார்கள்.

அரையிறுதிக்குச் சில நாள் முன்பு கேப்டன் என்னைத் தேநீர்க்கடைக்கு அழைத்துப் போனான்.

"மச்சான், இன்னாத்துக்கு இந்த வீம்பு? மதுரைக்காரன் முட்டி வீங்கிகினு கீது. செமிஃபைனல் வந்துகினு கீது. அவன் ஆடலைன்னா நம்ப காலி."

"ஊட்ல சத்தியம் பண்ணிகீறேன்டா. உனக்குத் தெரியாதா? ரெண்டு தபா இன்னா ஆச்சின்னு நீதானே ஆஸ்பத்திரிக்கு வந்தே?"

அவன் டீயைக் குடிக்காமல் டம்ளரையே சுழற்றிக்கொண்டிருந்தான். "எல்லாம் தெரியும். ஆனா எங்க ஊட்லயும் அடுப்பு எரியணும்ல?" என்றான்.

இரண்டு நாள் கழித்து, பயிற்சி முடிந்து உடை மாற்றுகிற அறையில் உட்கார்ந்திருந்தேன். விரலுக்குச் சுற்றிய பிளாஸ்திரியைப் பிரித்துக்கொண்டிருந்தேன். யாரோ கதவைத் தாழ் போட்டார்கள். நிமிர்ந்து பார்ப்பதற்குள் கேப்டன் பாய்ந்து என் இரண்டு கணுக்காலையும் பிடித்தான். என் பிடி அது. பள்ளிக்கூட மைதானத்துப் புழுதியில் அவனுக்கு நான் சொல்லிக்கொடுத்த பிடி. அடுத்து ஒருத்தன் தொடையில் விழுந்தான், ஒருத்தன் இடுப்பைச் சுற்றினான், இருவர் கைகோத்துக்கொண்டு வந்து என் மார்பில் மோதினார்கள். ஒரு ரெய்டரைப் பிடிக்க என்னென்ன பழகியிருந்தோமோ அத்தனையையும் செய்தார்கள். எவனோ ஒருத்தன் "கபடி கபடி" என்று வேறு பாடினான். அதற்குச் சிரிப்பு வேறு.

எனக்கு எங்கிருந்து அந்த வெறி வந்ததோ தெரியாது. அத்தனை பேரையும் இழுத்துக்கொண்டு தரையில் தவழ்ந்தேன். கதவு வரைக்கும் போனேன். என் கை வாசற்படியில் பட்டது. பட்டவுடன் என்ன கத்தினேன் தெரியுமா? "கோட்டைத் தொட்டுட்டேன், வுடுங்கடா!" என்று கத்தினேன். இத்தனை வருஷப் பழக்கம். பிடிபட்டவன் கை நடுக்கோட்டில் பட்டுவிட்டால் பிடித்தவர்கள் எல்லோரும் அவுட், விட்டுவிட வேண்டும். அந்த ஒரு நொடி நான் ஜெயித்துவிட்டதாகவே நினைத்தேன். அவர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். விடவில்லை.

டிரிம்மர் சத்தம் காதுக்குப் பக்கத்தில் கேட்டது. அதன் பிறகு ரேசர். நான் அசைவதை நிறுத்திவிட்டேன், அசைந்தால் கழுத்து அறுபடும். அப்படியும் தாடையில் ஒரு வெட்டு விழுந்தது. முடிந்ததும் ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்க்காமல் கலைந்து போனார்கள். கேப்டன் மட்டும் என் காலை விட்டுவிட்டு, "ஸாரி மச்சான், டீமுக்காவத்தான்" என்று சொல்லி, தரையில் கிடந்த முடியைத் தானே பெருக்கி அள்ளினான். சுத்தக்காரன்.

வீட்டுக்குப் போனேன். அவள் கதவைத் திறந்தாள். என் முகத்தைப் பார்த்தாள்.

"நானேதான் எடுத்துட்டேன். செமிஃபைனல் வருதில்ல" என்றேன்.

ஏன் அப்படிச் சொன்னேன்? என் கூட்டாளிகளே என்னை ஒரு ஆட்டுக்குட்டியைப் போல அமுக்கிப் பிடித்து மழித்தார்கள் என்று எந்த வாயால் அவளிடம் சொல்வது? அதைவிடச் சத்தியத்தை மீறியவன் என்ற பெயரே மேல் என்று தோன்றியது. அவள் எதுவும் கேட்கவில்லை. சாப்பாடு போட்டாள். பிறகு வழக்கம்போலத் தைலத்தை எடுத்துக்கொண்டு வந்து என் காலடியில் உட்கார்ந்தாள். இரண்டு கணுக்காலிலும் தேய்த்துவிட்டு, மூடியை இறுக்கி மூடி வைத்துவிட்டு எழுந்து போய்விட்டாள். அந்த மௌனத்தைக் கோபம் என்று எடுத்துக்கொண்டேன்.

மறுநாள் காலையில் சார் பஞ்சோடு வந்தார். என் கன்னத்தில் இழுத்தார். தாடையில் வெட்டு இருந்த இடத்தில் பஞ்சு ஒட்டிக்கொண்டது. குனிந்து பார்த்து, அது ரத்தம் என்று தெரிந்ததும், ஒட்டியிருந்த நாரைத் தன் விரலாலேயே கிள்ளி எடுத்துப் போட்டார்.

"குட்" என்றார்.

எப்படி எடுத்தாய், யார் எடுத்தார்கள், வெட்டு எப்படி வந்தது என்று ஒரு கேள்வி இல்லை. நாசமாய்ப் போக. அன்றைக்கு யாரும் ஓடவில்லை.

அரையிறுதி அந்த வாரக் கடைசியில் நடந்தது. கூட்டம், விளக்கு, ஒலிபெருக்கி எல்லாம் இருந்தது. மேட் மேல் ஏறி என் இடத்தில் நின்றேன். முதல் ரெய்டர் கோட்டைத் தாண்டி வந்தான். கேப்டன் எப்போதும்போல என் பக்கம் பார்க்காமலே கையை நீட்டினான். என் கை போகவில்லை. வேண்டுமென்று செய்யவில்லை, சத்தியமாக இல்லை. என் ஒப்பந்தம், என் இரண்டு வருஷம், எல்லாம் அந்த மேட் மேல்தான் இருந்தது. ஆனாலும் அந்த விரல்களைத் தொட என் கைக்கு முடியவில்லை. நீட்டிய கை காற்றில் நின்றது. எங்கள் இருவருக்கும் நடுவில் இருந்த இடைவெளியை ரெய்டர் பார்த்துவிட்டான். உள்ளே புகுந்து என்னை ஒரு தட்டு, கேப்டனை ஒரு உதை, திரும்பிப் போய்விட்டான். நாங்கள் மறுபடி உள்ளே வந்தபோதும் அப்படியே நடந்தது. சார் என்னை வெளியே கூப்பிட்டு உட்கார வைத்தார். அணி தோற்றது.

ஒப்பந்தம் புதுப்பிக்கப்படாது என்று சாரே சொன்னார். "உங்கிட்ட திறமை இருக்கு. டிசிப்ளின் இல்லை" என்றார். நான் மழுமழு முகத்தோடு அவர் எதிரில் நின்றுகொண்டிருந்தேன்.

அதன் பிறகு தாடி தன்பாட்டுக்கு வளர்ந்தது. பஞ்சு வைத்துப் பார்க்க ஆள் இல்லை. ஒவ்வொரு ஸ்கேனுக்கும் மனைவியோடு போய், வெளியே நாற்காலியில் உட்கார்ந்து, நடுவில் மழித்த அந்த ஒரு நாளையே நினைத்துக்கொண்டிருப்பேன். எனக்கு நம்பிக்கை இல்லாத ஒன்றுக்காக நான் பயந்துகொண்டிருந்தேன். இப்படியும் ஒரு கொடுமை உண்டா? உள்ளேயிருந்து யாராவது வேகமாக நடந்து வந்தாலே எழுந்து நின்றுவிடுவேன். மகள் நல்லபடியாகப் பிறந்தாள். தலை நிறைய முடி. மனைவி கட்டிலில் படுத்தபடியே, "போய் முகத்தை மழிச்சிட்டு வாங்க, பிள்ளை பயந்திரும்" என்றாள்.

பிறகு வேப்பம்பட்டில் ஒரு தனியார் பள்ளியில் விளையாட்டு ஆசிரியராகச் சேர்ந்தேன். தாளாளர் முதல் நாளே சொல்லிவிட்டார், தினமும் சவரம் செய்துகொண்டுதான் வர வேண்டும் என்று. செய்கிறேன். ஆவடியில் வண்டியைப் போட்டுவிட்டு ரயில் ஏறிப் போகிறேன்.

மகளுக்கு ஒரு வயது முடிந்த சமயத்தில், மூவரும் வண்டியில் சொந்தக்காரர் வீட்டுக்குப் போய்க்கொண்டிருந்தோம். பாடி மேம்பாலத்துக்குக் கீழே சிக்னல். நிமிர்ந்து பார்த்தால் எதிரே கட்டடம் உயரத்துக்கு ஒரு விளம்பரப் பலகை. எங்கள் அணி! கையைக் கட்டிக்கொண்டு வரிசையாக நிற்கிறார்கள், அத்தனை பேரும் அடர்ந்த தாடியோடு. ஏதோ தாடி எண்ணெய்க் கம்பெனி அந்த வருஷம் அணிக்குப் பணம் போட்டிருந்தது. ஓரத்தில் சாரும் நின்றார், நரைத்த தாடியை ஒழுங்காகக் கத்தரித்துக்கொண்டு. முதலில் சிரிப்புத்தான் வந்தது. தலைக்கவசத்துக்குள் கண்ணில் நீர் வரும்வரை சிரித்தேன். பிறகு அந்தத் தாடிகளை ஒவ்வொன்றாக எண்ண ஆரம்பித்தேன். பின்னால் லாரிக்காரன் ஹாரன் அடித்தான்.

"பச்சை விழுந்துட்டு, போங்க" என்றாள் மனைவி.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மதியம் கேப்டன் வீட்டுக்கு வந்தான். அந்த அரையிறுதிக்குப் பிறகு அப்போதுதான் வருகிறான். மார்பைத் தொடுகிற தாடி, சந்தன வாசனை. குழந்தைக்கு ஒரு பொம்மை வாங்கி வந்திருந்தான். என் மனைவி தண்ணீர் கொடுத்துவிட்டு, மகளை அவன் பக்கத்தில் பாயில் விட்டுவிட்டு உள்ளே போனாள்.

"இப்ப பஞ்சு ஒட்டணும் மச்சான்" என்று ஆரம்பித்தான். "ஒட்லைன்னா ரவுண்டு. மீசை சரியா வளராத ஒரு பையன் கீறான், அவனுக்காவ தெனிக்கும் ஓட்றோம். இன்னா கூத்துன்ற? மொத மேட்சுல கேமராக்காவ எல்லார் தாடிலயும் எண்ணெய் பூசி வுட்டானுங்க. நடுவர் தொட்டுப் பாத்துட்டு, எண்ணெய் கூடாதுன்னு தெரியாதாடான்னு மொத்த டீமையும் சோப்புப் போட்டுக் கயுவ அனுப்பிட்டாரு!"

சொல்லிவிட்டுக் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தான். நான் சிரிக்கவில்லை. அவன் விஷயத்துக்கு வந்தான்.

"டிஃபென்ஸு ஒண்ணும் சரியில்ல மாமே. பசங்களுக்குப் பிடி சொல்லிக் குடுக்க ஆள் வோணும். சாரே உன்னிய விசாரிச்சாரு. நீ சரின்னு சொன்னா அவரே போன் பண்ணுவாரு. இன்னும் அதயே நெனச்சிகினு கீறியா? சும்மா தமாஷுக்குப் பண்ணதுதானே?"

வெட்கம் கெட்ட மனசு. அத்தனையும் பட்டுவிட்டு, சார் விசாரித்தார் என்றதும் துள்ளியது. மேட் ரப்பரின் வாசம் மூக்கில் வந்துவிட்டது. வாயைத் திறக்கப் போனேன்.

அப்போது மகள் எழுந்து நின்று, கேப்டனின் தாடியை இரண்டு கையாலும் கொத்தாகப் பிடித்து இழுத்தாள்.

"ஐயோ, வுடுமா, வுடு! வலிக்கிது!"

என் மனைவி காபியோடு வந்து நின்றிருந்தாள். நான் மகளின் கையை விலக்க எழுந்தேன். அவள் என்னைத் தடுத்தாள்.

"பிடிச்சிக்கிடட்டும்ணே" என்றாள் அவனிடம், நிதானமாக. "அவ ஒருத்திதான். அவ அப்பாவைப் பிடிக்க நீங்க எத்தனை பேரு?"

அவன் முகம் செத்துவிட்டது. மகள் விடும்வரை குனிந்தபடியே உட்கார்ந்திருந்தான். பிறகு எழுந்து, என்னையும் பார்க்காமல், வரேன் என்றுகூடச் சொல்லாமல் செருப்பை மாட்டிக்கொண்டு இறங்கிப் போனான். காபி ஆறிக்கொண்டிருந்தது.

"உனக்கு எப்படித் தெரியும்?" என்று கேட்டேன்.

"இத்தனை வருஷத்துல உங்க கணுக்கால்ல எனக்கு ஒரு தடவையாவது தைலம் தேய்க்கிற வேலை வந்திருக்கா? அன்னைக்கு ரெண்டு கால்லயும் விரல் பதிஞ்சு கெடந்துச்சு."

"அப்ப ஏன் கேக்கல?"

"நீங்களா சொல்லுவீங்கன்னு பாத்தேன்." மகளின் விரலிடுக்கில் சிக்கியிருந்த முடியை ஒவ்வொன்றாக எடுத்தாள். "இப்ப கூப்பிட்டா போவீங்களா?"

இல்லை என்று சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்? என் கண் மேசையில் கிடந்த போனுக்குப் போய்விட்டுத் திரும்பியது. அதை அவள் பார்த்துவிட்டாள். குழந்தையின் கையைக் கழுவக் குளியலறைக்குத் தூக்கிக்கொண்டு போனாள்.

மறுநாள் ரயிலில் நின்றுகொண்டே சாருக்கான பதிலைத் தயார் செய்தேன். அவர் கூப்பிட்டதும், வேறு எதுவும் பேசாமல், "சார், என் மூஞ்சி இப்ப என் பிரச்சினை" என்று சொல்லிவிட்டு வைத்துவிட வேண்டும். வேப்பம்பட்டு வரும்வரை அதை மனசுக்குள் சொல்லிச் சொல்லிப் பார்த்தேன். அன்று சாயங்காலமே மனைவியிடம் போய், நான் போகமாட்டேன் என்று சொன்னேன். சரி என்றாள்.

சார் கூப்பிடவில்லை. வேறு யாரையோ போட்டுவிட்டதாக அப்புறம் கேள்விப்பட்டேன். அந்தப் பதில் இன்னும் அப்படியே என்னிடம் இருக்கிறது. தினமும் காலையில் கண்ணாடி முன்னால் நின்று மழிக்கும்போது, போனை எட்டுகிற தூரத்தில்தான் வைத்துக்கொள்கிறேன்.